பெயரை இரண்டாக வெட்டாதீர்கள்

கேள்வி: கோலாலம்பூரில் இணையத்தள வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்தோம். படிவத்தைத் திறப்பவர்களில் பலர் பெயர் எழுதும் இடத்திலேயே விட்டுவிட்டு, போன் செய்து பதிகிறார்கள். பட்டன் நிறம், எழுத்தளவு எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: நிறத்தை விடுங்கள். பெயர் எழுதும் இடத்தில் நிற்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அங்கே “முதல் பெயர்”, “கடைசிப் பெயர்” என்று இரண்டு பெட்டிகள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒரு படிவத்தை ஓர் அம்மா நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கைப்பையிலிருந்து ஐசியை (மலேசிய அடையாள அட்டையை) எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். அதில் இருந்த பெயர் லெட்சுமி ஏ/பி முனியாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியில் லெட்சுமி என்று அடித்தார். இரண்டாவதில் விரல் நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்து “ஏ/பி முனியாண்டி” என்று அடித்தார். “தவறான எழுத்து” என்று சிவப்பில் வந்தது. எந்த எழுத்து என்று சொல்லவில்லை. அப்பா பெயரை எழுத்தெழுத்தாக ஐசியோடு ஒத்துப் பார்த்தார். நடுவில் இருக்கும் சாய்கோடுதான் சிக்கல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் தடவை சிவப்பு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நேர்லயே போயிக்கிறேன் தம்பி” என்றார்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஏ/எல் என்றால் அனாக் லெலாகி, ஏ/பி என்றால் அனாக் பெரெம்புவான். மகன், மகள் என்று பொருள். மலாய்க்காரர்கள் பெயரில் வரும் ‘பின்’ (மகன்), ‘பிந்தி’ (மகள்) என்பவையும் இதே வழக்கம்தான். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் அது முன்னால் வரும். சரவாக்கின் ஈபான் மக்கள் ‘அனாக்’ என்று முழுதாக எழுதுகிறார்கள். இன்னொரு பெயரும் உள்ளவர்களின் ஐசியில் நடுவே ‘@’ குறி இருக்கும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற அமைப்பு மேல்நாட்டுப் படிவங்களிலிருந்து அப்படியே வந்தது. இந்த நாட்டில் பெரும்பாலோருக்கு அது பொருந்துவதில்லை.

மருத்துவ நிலையத்தில் இது சின்ன விஷயமும் இல்லை. கவுண்டரில் “முனியாண்டி” என்று கூப்பிட்டால் லெட்சுமி எழுந்து வரமாட்டார், அது அவர் அப்பா பெயர். ஒரு தடவை “லெட்சுமி முனியாண்டி”, அடுத்த தடவை “லெட்சுமி ஏபி முனியாண்டி” என்று பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் உருவாகலாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஒரே பெட்டி வையுங்கள். மேலே “முழுப் பெயர், ஐசியில் உள்ளபடி” என்று எழுதுங்கள். அந்த வரி பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே மங்கலாகப் போட்டால் அடிக்க ஆரம்பித்ததும் மறைந்துவிடும். சாய்கோடு, ‘@’, புள்ளி, சிறுகோடு, மேற்கோள் குறி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். “பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம்” என்று புரோகிராமர் சொல்வார். தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது அடித்த பெயரைக் கட்டளையிலிருந்து பிரித்து அனுப்புவதும், திரையில் காட்டும்போது குறிகளைச் சரியாக மாற்றிக் காட்டுவதும்தான் பாதுகாப்பு. மக்களின் பெயரில் உள்ள குறியைத் தடுப்பது அதற்கு ஈடாகாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நிலையத்துக்குத் தெரிய வேண்டுமானால், “உங்களை எப்படி அழைக்கலாம்?” என்று கட்டாயமில்லாத இன்னொரு பெட்டி போதும்.

தமிழ் எழுத்திலும் பெயரை வாங்குவதாக இருந்தால் நீள வரம்பைப் பாருங்கள். ‘ஸ்ரீ’ நம் கண்ணுக்கு ஒன்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் நான்கு குறியீடுகள். இருபது, முப்பது என்று வரம்பு வைத்தால் நீளமான பெயர் பாதியில் அறுந்துவிடும்.

அப்புறம் ஐசி எண். மொத்தம் 12 இலக்கம். அட்டையில் ஆறு, இரண்டு, நான்கு என்று சிறுகோடு போட்டுப் பிரித்திருப்பதால் பலர் கோட்டோடு அடிப்பார்கள், சிலர் இல்லாமல் அடிப்பார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு கோட்டை நீங்கள் நீக்குங்கள். முதல் ஆறு இலக்கமும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அதை வைத்துப் பிறந்த தேதியை நீங்களே நிரப்பி, சரியா என்று மட்டும் கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் என்பதால் 1920-களில் பிறந்த தாத்தாவைக் குழந்தையாகக் காட்டிவிடக் கூடாது. வெளிநாட்டவருக்குக் கடப்பிதழ் எண் எழுத ஒரு வழியும் வேண்டும். கைப்பேசி எண்ணிலும் கவனம் தேவை: 011-இல் தொடங்குவது 11 இலக்கம், 012 போன்றவை 10. பத்து மட்டும் என்று பூட்டிவிடாதீர்கள்.

தவறு இருந்தால் அந்தப் பெட்டிக்குக் கீழேயே சொல்லுங்கள். “தவறான எழுத்து” என்று நிறுத்தாமல், “ஐசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது” என்று எழுதுங்கள். ஏற்கெனவே அடித்தது எதுவும் அழியக் கூடாது.

மாற்றியதும் ஐந்து பேரை உட்கார வையுங்கள். பெயரில் ஏ/எல் உள்ள ஒருவர், பிந்தி உள்ள ஒருவர், சீனர் ஒருவர், அறுபது தாண்டியவர் ஒருவர், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் ஒருவர். அவரவர் போனையே பயன்படுத்தட்டும், சொந்த ஐசியைப் பார்த்தே அடிக்கட்டும். அடித்த விவரங்களைச் சோதனை முடிந்ததும் அழித்துவிடுங்கள். நடுவில் நீங்கள் வாய் திறக்காதீர்கள். விரல் எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.