ரோட்டு வழக்கு சின்ன வழக்கு இல்லை

தம்பி, இங்கிலாந்தில் சட்டம் படித்துவிட்டுக் குற்றவியல் பக்கம் போக ஆசை, ஆனால் அப்பா "ரோட்டு கேஸெல்லாம் ஒரு கேஸா?" என்கிறார் என்று எழுதியிருந்தாய். இதை அப்பாவுக்கும் படித்துக்காட்டு.

ஒருவர் ஆபத்தாக ஓட்டியதாக ஒப்புக்கொண்டு தண்டனையும் வாங்கிவிட்டார். அப்புறம் அதே விபத்தில் ஒருவர் இறந்ததற்காக, ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்ததாக இன்னொரு வழக்கு போடுகிறார்கள். 'டபுள் ஜெபர்டி' (ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற தடை) என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறு. சட்டப்படி இவை இரண்டு தனிக் குற்றங்கள். முன்னதற்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, பின்னதற்கு 2022 முதல் ஆயுள் தண்டனை வரை உண்டு. 1964-இல் கானலி வழக்கில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்தத் தடையை ஒரே குற்றம் என்ற அளவோடு நிறுத்திவிட்டது. கூடவே, அதே சம்பவத்தை வைத்து மறுபடி இழுத்தால் வழக்கை நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு என்றது. நீ வாதாட வேண்டியது அங்கேதான்: நடைமுறைத் துஷ்பிரயோகம், அதாவது வழக்கு போடும் முறையையே தவறாகப் பயன்படுத்துவது.

பீடி வழக்கைப் படி (பெயரைப் பார்த்துச் சிரிக்காதே). பழுதான கேஸ் ஹீட்டரால் வாடகைக்கு இருந்தவர் இறந்தார். வீட்டுக்காரர் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் கட்டிய பிறகு, கொலையாகாத மரணம் விளைவித்ததாகவும் (மேன்ஸ்லாட்டர்) வழக்கு வந்து தண்டனை விழுந்தது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இரண்டாவது தண்டனையை ரத்து செய்தது. நான் மேலே சொன்ன மாதிரியான ஓட்டுநர் வழக்கிலும் 2020-இல் அதுவே நடந்தது.

ஆனால் முதல் தீர்ப்புக்குப் பிறகுதான் அடிபட்டவர் இறந்தார் என்றால் கதை வேறு, புது வழக்கு நிற்கும். அதனால் எந்த ஃபைலை எடுத்தாலும் முதலில் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுது. விபத்து, மரணம், முதல் குற்றச்சாட்டு, ஒப்புதல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்றைக்கு அரசுத் தரப்புக்கு என்ன தெரியும் என்று குறி.

சம்பாத்தியம் பற்றிய அப்பாவின் பயம் நியாயமானதுதான். வசதியில்லாதவர்களுக்காக வாதாட அரசு தரும் சட்ட உதவிக் கட்டணம் போதவில்லை என்று 2022-இல் குற்றவியல் பாரிஸ்டர்கள் (கோர்ட்டில் வாதாடும் வக்கீல்கள்) வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனால் லைசென்ஸ் போனால் பிழைப்பே போகும் என்கிறவர்கள் சொந்தப் பணத்தில் வக்கீல் வைக்கிறார்கள். சொலிசிட்டர் (கட்சிக்காரரோடு நேரடியாகப் பேசி வழக்கைத் தயார் செய்பவர்) ஆக 2 ஆண்டு பணி அனுபவம் வேண்டும், பாரிஸ்டருக்கு வழக்கமாக 12 மாதப் பியூப்பிலேஜ், அதாவது மூத்த பாரிஸ்டரிடம் பயிற்சி. எது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அடுத்த வாரம் ஒரு காலைப் பொழுது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப் போ.