மலைப்பிரசங்கமும் பிரம்பும்

அன்புள்ள ஐயா,

தோத்திரம். சிலுவைப்போர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். கிறிஸ்தவன் எந்தக் காரணத்துக்காகவும் கையோங்கக் கூடாது என்று நான் முடிவுசெய்து சில வருடங்கள் ஆகின்றன. சபை வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். என் மாமனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 'ராத்திரி ஒருத்தன் வீடு புகுந்து என் மகள் கழுத்தில் கத்தி வைத்தால் ஜெபம் பண்ணிக்கொண்டு நிற்பீர்களோ?' என்கிறார். தன்னைத் துரத்தி வந்தவனைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டிர்க் வில்லெம்ஸ் கதையைச் சொன்னேன். 'அவன் செத்துத்தானே போனான்?' என்றார். வேதத்தில் கானானியர்மேல் யோசுவா நடத்திய யுத்தங்களைக் காட்டினார். அது பழைய ஏற்பாடு, கிறிஸ்துவோடு முடிந்தது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இவர்கள் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும்.

அப்புறம், என் அண்ணன் வயல் வரப்பை என் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார். விட்டுக்கொடுத்துவிட வேண்டுமா? நாலாம் வகுப்பு படிக்கும் என் பையன் விஷயத்தில் மட்டும் சில நேரம் கை நீண்டுவிடுகிறது. அது வளர்ப்பு, வேறு விஷயம். 'பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்' என்று வசனமே இருக்கிறதே.

ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

*

அன்புள்ள தம்பி,

மாமனாரை மடக்க வழி கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது பிரான்சின் லே ஷாம்போன் என்ற மலைக் கிராமத்தைப் பற்றிய குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல நாட்களாக மனதில் அந்த ஊர்தான். அதனால் எழுதுகிறேன்.

கத்திக்காரன் கேள்வியை முதலில் தள்ளிவைத்துவிடுவோம். 1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது, ஆயுதம் எடுக்க மறுத்தவர்களை விசாரித்த தீர்ப்பாயங்களும் இதைத்தான் கேட்டன: ஜெர்மன்காரன் உன் தங்கையைத் தாக்க வந்தால் என்ன செய்வாய்? நூறு வருடத்துக்கு மேலாக அதே கேள்விதான், ஆள் மட்டும் மாறுகிறான். அதற்கு வாயடைக்கும் பதில் கிடையாது, தேடவும் வேண்டாம். உங்கள் மாமனார் உங்கள் இறையியலைச் சோதிக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த அப்பா அவர், மகளுக்காகப் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுங்கள். யோசுவாவைப் பற்றி இப்போது பேச எனக்கு நேரமில்லை. ஆனால் நீங்கள் அவருக்குச் சொன்ன பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

லே ஷாம்போன் தெற்கு பிரான்சில் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கத்தோலிக்க நாட்டில் புராட்டஸ்டண்டு விவசாயிகள் வாழ்ந்த இடம். அரசன் ஆட்களை அனுப்பித் தங்கள் போதகர்களைத் தேடித் தேடிப் பிடித்த காலத்தை அந்தக் குடும்பங்கள் மறக்கவில்லை. 1934இல் ஆந்த்ரே த்ரோக்மே அங்கே போதகராக வந்தார். போரை ஏற்காதவர் என்பதால் சபை மேலிடத்துக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. 1940 ஜூன் 22இல் பிரான்ஸ் ஹிட்லரிடம் பணிந்து போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. த்ரோக்மேயும் உடன்போதகர் எத்வார் தேஸும் பிரசங்க பீடத்தில் நின்று, மனசாட்சியின் மேல் வரும் வன்முறையை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவனின் கடமை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்த ஊரும் சுற்றியுள்ள பண்ணை வீடுகளும் ஆயிரக்கணக்கான யூத அகதிகளை மறைத்து வைத்துக் காப்பாற்றின. அதில் குழந்தைகள் ஏராளம்.

இதை வீரக்கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. நான் திரும்பத் திரும்ப நினைப்பது போதகரின் மனைவி மக்தாவை. பனி கொட்டிய ஒரு குளிர்கால மாலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறக்கிறார். வெளியே ஒரு ஜெர்மானிய யூதப் பெண், நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வரலாமா என்று கேட்கிறாள். தாராளமாக வா என்கிறார் மக்தா. ஆலோசனைக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. மேயரிடம் போய் உதவி கேட்டால், அவளை ஊரைவிட்டு அனுப்பு என்று அவர் கோபப்படுகிறார். யோசிக்க எங்களுக்கு நேரமில்லை, பிரச்சினை வந்தது, அப்போதே தீர்க்க வேண்டியிருந்தது என்ற பொருளில்தான் பின்னாளில் மக்தா சொன்னார்.

1943 பிப்ரவரி 13 இரவு போலீஸ் த்ரோக்மேயைக் கைது செய்ய வந்தது. மக்தா அந்தப் போலீஸ்காரர்களையும் சாப்பிட உட்காரச் சொன்னார். கணவனைப் பிடித்துப் போக வந்தவர்களுக்குச் சோறு போட எப்படி மனம் வந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். சாப்பாட்டு நேரம், சாப்பாடு தயாராக இருந்தது, இதில் மன்னிப்பு, பெருந்தன்மை என்றெல்லாம் ஏன் பேசுகிறீர்கள் என்று அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

டிர்க் வில்லெம்ஸும் இப்படித்தான். 1569இல் ஹாலந்தின் ஆஸ்பெரெனில், சிறையிலிருந்து தப்பி உறைந்த நீர்மேல் ஓடிய மனிதர். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுந்ததும் திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கினார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். 'செத்துத்தானே போனான்' என்று உங்கள் மாமனார் சொன்னது சரி, அதை மறைக்க வேண்டாம். ஆனால் துரத்தி வந்தவன் பனிக்குள் விழுந்த அந்த நொடியில் வில்லெம்ஸ் வசனங்களை அலசிக்கொண்டு நின்றிருக்க முடியாது. கால் தானாகத் திரும்பியது. அப்படித் திரும்புகிற கால் ஒருநாளில் உண்டாவதில்லை.

த்ரோக்மேயின் ஊரிலும் அது ஒருநாளில் உண்டாகவில்லை. சபையை அவர் சிறு சிறு வேத ஆராய்ச்சிக் குழுக்களாகப் பிரித்திருந்தார். பதின்மூன்று பேர் அவரோடு உட்கார்ந்து ஒரு பகுதியைப் படிப்பார்கள், பேசுவார்கள், பிறகு தங்கள் பகுதி வீடுகளுக்குப் போய் அதையே பேசுவார்கள். நம் ஊர் வீட்டுக்கூட்டம் போலத்தான். போர் வந்தபோது அந்தக் குழுக்கள்தான், எந்த வீட்டில் எத்தனை பேரை வைக்கலாம், யாரை எந்தப் பண்ணைக்கு அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டன. 1942 ஆகஸ்டில் போலீஸ் பஸ்களைக் கொண்டுவந்து நிறுத்தி யூதர்களின் பட்டியலைக் கேட்டது. த்ரோக்மே தர மறுத்தார். பஸ்கள் கிட்டத்தட்ட காலியாகவே திரும்பின. எல்லோரும் தப்பவில்லை. 1943 ஜூனில் மாணவர் விடுதி ஒன்றில் நாஜிப் போலீஸ் புகுந்து மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. விடுதியை நடத்திய தானியேல் த்ரோக்மே, போதகரின் உறவினர், அந்தப் பிள்ளைகளோடு போனார். 1944இல் நாஜிகளின் மைதானெக் வதைமுகாமில் இறந்தார்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

'அது வேறு விஷயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தம்பி வேறு விஷயம்? மாமனார் யோசுவாவைக் காட்டினால் அது பழைய ஏற்பாடு, முடிந்தது என்கிறீர்கள். பையன் என்று வந்ததும் நீங்களே நீதிமொழிகளுக்கு ஓடுகிறீர்கள். நீதிமொழிகள் எந்த ஏற்பாட்டில் இருக்கிறது? கானானியனுக்கு ஒரு வேதம், நாலாம் வகுப்புப் பையனுக்கு வேறு வேதமா?

மலைப்பிரசங்கம் தொடங்குகிற மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வரிசையாகப் படியுங்கள். கன்னத்தைத் திருப்பிக் கொடுப்பது 39ஆம் வசனம். அதற்கு முன்பே, 22ஆம் வசனத்தில், தன் சகோதரனை நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவனைப் பற்றியும் அவனை வீணன் என்று சொல்கிறவனைப் பற்றியும் கர்த்தர் பேசிவிடுகிறார். முதலில் அவர் நிற்பது வீட்டுக்குள். கத்திக்காரன் உங்கள் வாழ்நாளில் வராமலே போகலாம். உங்கள் பையன் தினமும் சாயங்காலம் புத்தகப்பையோடு வருகிறான். கத்திக்காரன் முன்னால் நீங்கள் பலவீனர், அங்கே அடிக்கமாட்டேன் என்று முடிவெடுக்கக் கற்பனை போதும். பையன் முன்னால் நீங்கள்தான் பலசாலி. அவனால் உங்கள் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. 'பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்' என்று கொலோசெயரில் பவுல் எழுதுகிறார். அதுவும் வசனம்தான். ஏன் அது உங்களுக்கு ஞாபகம் வரவில்லை?

எங்கள் ஊர் சண்டே ஸ்கூலில் ஒரு வாத்தியார் இருந்தார். ஊரில் எங்கே சண்டை என்றாலும் நடுவில் போய் நிற்பார். ஒருமுறை கோயில் விருந்தில், அசனப் பந்தியில், இரண்டு குடும்பங்கள் மோதிக்கொண்டபோது விலக்கப் போய் மண்டை உடைந்தது. அடித்தவன் பெயரைக் கடைசிவரை போலீசிடம் சொல்லவில்லை. பொய்யில்லாத மனிதர், இன்றும் அவரை நினைத்தால் மனம் நெகிழும். அவரேதான், மனப்பாட வசனம் தப்பினால் உள்ளங்கையில் பிரம்பால் அடிப்பார். மலைப்பிரசங்கம் எங்களுக்கு அடி வாங்கிப் பாடமானது. என் பக்கத்தில் உட்காரும் பையனுக்குத் திக்குவாய். 'ஒருவன் உன்னை வலது கன்னத்தில்' என்ற இடத்தில் அவனுக்கு நாக்கு புரளாது. சொல்லி முடிப்பதற்குள் பிரம்பு இறங்கும். வசனம் அவனுக்குத் தெரியும், வாய்தான் வரவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் அவன் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வாத்தியார் அதற்காக ரொம்ப வருத்தப்பட்டு அவனுக்காக ஜெபித்தார். ஏன் வரவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. பிரம்பு அவருக்கும் 'வேறு விஷயமாக' இருந்தது.

த்ரோக்மேயும் சாந்த சொரூபி இல்லை. இயல்பிலேயே கடும் கோபக்காரர், வெடித்துவிடுவார். அவரைத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். தன் கோபத்தை வளர்ப்பு என்றோ கண்டிப்பு என்றோ வேறு பெயர் சொல்லி அவர் நியாயப்படுத்தவில்லை, அதோடு போராடினார். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. டிவியை அணையுங்கள், விளையாடப் போகாதே என்று உட்கார வையுங்கள், வீட்டுப்பாடத்தை மறுபடி எழுதச் சொல்லுங்கள். கையை மட்டும் கீழே போடுங்கள்.

வரப்பு விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சமாதானம் என்றால் பறிகொடுத்துவிட்டு உள்ளுக்குள் புழுங்குவது அல்ல. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து சர்வேயரை வரவழைத்து அளந்து பாருங்கள், அதை அண்ணனிடம் முன்கூட்டியே முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். அளந்தபின் எவ்வளவு விடுவது என்பதை அப்போது முடிவு செய்யலாம். வாலிபர் கூட்டத்தில் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாமனாரிடம் இனி இதைப் பற்றி விவாதம் வேண்டாம். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர், பேரன் அடி வாங்குவதைப் பார்த்திருப்பார். அப்புறம் எந்த வசனத்தைச் சொன்னாலும் அவர் எப்படி நம்புவார்?

பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்பா உன்னை அடித்தது தப்பு, இனி அடிக்கமாட்டேன் என்று மனைவி முன்னால், அவனுக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லுங்கள். அவன் உடனே நம்பமாட்டான். நீங்கள் குரலை உயர்த்தினால் இன்னும் கொஞ்ச காலத்துக்குக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வான். அதைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வரும், 'நான்தான் சொல்லிவிட்டேனே' என்று தோன்றும். அப்போதும் அவனைத் திட்டாதீர்கள். சில மாதம் கழித்து எழுதுங்கள், அவனைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.