பெட்டையை எந்த நாளில் சேர்ப்பது? – கேள்வி பதில்

பருவத்துக்கு வந்த பெட்டை நாயை எப்போது ஆண் நாயுடன் சேர்ப்பது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். 22 ஆண்டுகளாக ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்க்கிறேன். பார்த்தும் பட்டும் அறிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் ராஜபாளையம் பெட்டைக்கு உதிரம் தென்பட்டு இன்று 8-ஆம் நாள். 11, 13 ஆகிய நாள்களில் சேர்த்தால் போதும் என்கிறார்கள். சரிதானா?

பதில்: பல பெட்டைகளுக்குச் சரியாக வரும். உங்கள் பெட்டைக்கு வருமா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது, தம்பி. உதிரம் கசியும் முதற்கட்டம் சராசரியாக 9 நாள். 3 நாளில் முடிவதும் உண்டு, 17 நாள் இழுப்பதும் உண்டு.

என்னிடம் இருந்த ஒரு பெட்டையை இரண்டு பருவங்களில் இதே 11, 13 கணக்கில் சேர்த்தோம். அவள் உறுமினாள், வாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். இரண்டு முறையும் சினை நிற்கவில்லை. மலடு என்று ஒதுக்கிவிடச் சொன்னார்கள். மூன்றாம் பருவத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் அவளுக்கு 19-ஆம் நாளில் முட்டை வெளிப்படுவது தெரிந்தது. 21-ஆம் நாள் தானாகவே நின்று கொடுத்தாள். ஏழு குட்டிகள். அவள் உறுமிச் சொன்னதை நாங்கள் கேட்கவில்லையே என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

கேள்வி: வீட்டிலேயே அறிந்துகொள்ள அடையாளம் உண்டா?

பதில்: உண்டு. படுக்கையில் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்து, தினமும் காலையில் கறையைப் பாருங்கள். அடர்சிவப்பு வெளிறி, இறைச்சி கழுவிய நீர் போலவும் பிறகு வைக்கோல் நிறமாகவும் மாறும். விறைத்து வீங்கியிருந்த பிறப்புறுப்பு தளர்ந்து மென்மையாகும். வாலின் அடியில் விரலால் சொறிந்தால், வாலை ஒருபக்கம் ஒதுக்கி அசையாமல் நிற்பாள். ஆனால் கடைசி நாள்வரை சிவப்பாகவே கசியும் பெட்டைகளும் இருக்கின்றன. இந்த அடையாளங்கள் அவளது இசைவைக் காட்டும். முட்டையின் நிலையைக் காட்டாது.

கேள்வி: அப்படியானால் இரத்தப் பரிசோதனை கட்டாயமா அண்ணா? அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆண் நாய் வெளியூரில் இருந்தாலோ, முன்பு சினை பிடிக்காமல் போயிருந்தாலோ, கட்டாயம் செய்யுங்கள். பார்க்க வேண்டியது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு. உதிரம் கண்ட 6-ஆம் நாளிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரே பரிசோதனைக்கூடத்தில் பாருங்கள். தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குள் இருக்கும். 2-ஐத் தாண்டினால் முட்டை வெளிப்பட ஏறத்தாழ இரண்டு நாள் இருக்கிறது. 5-ஐ ஒட்டி வரும்போது வெளிப்படுகிறது.

அன்றைக்கே அவசரப்பட வேண்டாம். நாயின் முட்டை முதிராத நிலையில்தான் வெளியே வருகிறது. முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதன்பின் இரண்டு மூன்று நாளே உயிரோடிருக்கும். ஆகவே வெளிப்பட்ட இரண்டாம் நாள் ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை சேர்ப்பது நல்லது. ஆணின் விந்தணு உள்ளே ஐந்து நாளுக்கு மேலும் தாங்கும் என்பதால் சற்று முந்தினாலும் பிழைத்துக்கொள்ளலாம். உறையவைத்த விந்தை ஊசிமூலம் செலுத்தும்போது அந்தச் சலுகை கிடையாது. கரைந்த பின் அது ஒரு நாள் தாங்குவதே அரிது.

கேள்வி: பத்து நிமிடம்தான் பிணைந்து நின்றன. போதுமா?

பதில்: போதும். ஐந்து நிமிடமும் உண்டு, முக்கால் மணி நேரமும் உண்டு. தண்ணீர் ஊற்றியோ இழுத்தோ பிரிக்காதீர்கள். இரண்டுக்கும் காயம் படும்.

கேள்வி: ஒன்பது மாதத்தில் முதல் பருவம் வந்திருக்கிறது. சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அவளே இன்னும் குட்டி. இரண்டு வயது ஆகட்டும். அதற்குள் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி இருக்கிறதா என்ற சோதனையை முடியுங்கள். ராஜபாளையம் என்றால் இரு நாய்களுக்கும் காது கேட்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூடப் பிறந்தவற்றையே சேர்த்துச் சேர்த்துக் குறையைப் பெருக்கியது நாம்தான்.

கேள்வி: சேர்த்தாகிவிட்டது. இனி அவளை வெளியே விடலாமா? குட்டி எப்போது வரும்?

பதில்: பருவம் முழுதும் அடங்கும்வரை கதவைத் தாழிட்டே வையுங்கள். இடையில் தெருநாய் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் ஈற்று 57-லிருந்து 72 நாளுக்குள் எப்போதும் வரலாம். முட்டை வெளிப்பட்ட நாள் தெரிந்திருந்தால் அதிலிருந்து 63-ஆம் நாள், ஒரு நாள் முன்பின். அந்தத் தேதியை நாட்காட்டியில் எழுதி, மருத்துவரிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.