சர்வர் ரூம் சந்தேகங்கள்: பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வச்சுப் பூட்டுன கதை

அண்ணா, எங்க கம்பெனில மூணு ஹோஸ்ட் (விஎம்ங்குற மெய்நிகர் கம்ப்யூட்டர்கள ஓட்டுற நிஜ சர்வர்) இருக்கு, எல்லாமே இன்னும் விஎம்வேரோட இஎஸ்எக்ஸ்ஐ 6.7 சாஃப்ட்வேர்லதான் ஓடுது. ஒரு ஞாயித்துக்கெழமை உக்காந்து 7க்கு ஏத்திடலாம்னு இருக்கேன், ஆனா பயமா இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? (திருப்பூர் வாசகர்)

பயம் இருக்கட்டும் தம்பி, நல்லதுதான். 6.7க்கு சப்போர்ட் 2022 அக்டோபர்லயே முடிஞ்சுது, 7க்கும் 2025 அக்டோபர் 2ஓட முடிஞ்சுது, அதனால 7ல நிக்காதீங்க, 8க்கே பாருங்க. ஆனா மொதல்ல உங்க சர்வர், நெட்வொர்க் கார்டு, ரெய்டு கார்டு மூணோட மாடல் நம்பரையும் எழுதி வச்சு விஎம்வேரோட கம்பாட்டிபிலிட்டி லிஸ்ட்ல (எந்த ஹார்ட்வேர் ஒத்துக்கும்னு சொல்ற பட்டியல்) தேடுங்க. 7லேர்ந்து பழைய லினக்ஸ் வழி டிரைவர்கள மொத்தமா தூக்கிட்டாங்க, அப்கிரேட் முடிஞ்சு ஹோஸ்ட் ஜம்முனு ஏந்திரிக்கும், டேட்டாஸ்டோரையோ (விஎம் ஃபைல்கள் இருக்குற எடம்) நெட்வொர்க்கையோ மட்டும் காணாது. எஸ்டி கார்டுலேர்ந்து பூட் ஆகுதுன்னா அதையும் இப்பவே ஒரு எஸ்எஸ்டிக்கு மாத்திடுங்க, 7லேர்ந்து அதுல எழுதுறது ரொம்ப ஜாஸ்தி, கார்டு தாங்காது.

வரிசை இதான்: மொத விசென்டர் (எல்லா ஹோஸ்டையும் ஒரே எடத்துலேர்ந்து பாத்துக்குறது), அப்பறம் ஹோஸ்ட் ஒண்ணொண்ணா, அப்பறம் விஎம்முக்குள்ள போடுற விஎம்வேர் டூல்ஸ், விஎம் ஹார்ட்வேர் வெர்ஷன் கடைசில, அதுவும் அவசியம்னா மட்டும். இன்னொண்ணு, ஏதாவது ஆனா பூட் ஆகுறப்ப ஷிஃப்ட்+ஆர் அமுக்கிப் பழைய வெர்ஷனுக்குப் போயிடலாம்னு நெனைக்காதீங்க, 6.7லேர்ந்து மேல ஏறும்போது பார்ட்டிஷன் அமைப்பே மாறிடுது, திரும்பி வர்ற வழி கெடையாது, மறுபடி மொதல்லேர்ந்து இன்ஸ்டால்தான்.

இதெல்லாம் படிச்சாலே தெரிஞ்சுக்கலாம். நான் பட்டது வேற.

பல வருஷம் முன்னாடி ஒரு சின்ன ஆஃபீஸ், ரெண்டே ஹோஸ்ட். ராத்திரி எல்லா விஎம்மையும் அழகா ஷட்டவுன் பண்ணிட்டு ரெண்டையும் ஒண்ணா அப்கிரேட் பண்ணேன், எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. லேப்டாப்ப எடுத்து விசென்டருக்குப் போகலாம்னு பாத்தா, விசென்டரே ஒரு விஎம், அதத்தான் நானே அணைச்சு வச்சிருக்கேன். சரி ஹோஸ்டுக்கு நேரா போவோம்னு பேர அடிச்சா கெடைக்கல, ஏன்னா பேர ஐபியா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ்ஸும் விஎம். ஐபி அட்ரஸ் போடலாம்னா லேப்டாப்புக்கே ஐபி வரல, ஐபி குடுக்குற டிஹெச்சிபியும் அதே விஎம்லதான். ஒரு மானிட்டர தூக்கிட்டுப் போயி ஹோஸ்ட் பின்னாடி சொருகி, அந்த மஞ்சளும் சாம்பலுமா வர்ற ஸ்கிரீன்ல ஐபிய பாத்து, லேப்டாப்புக்குக் கையால ஐபி போட்டு உள்ள போனா ரூட் பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டு ஃபைல் எங்க இருக்கு? ஃபைல் சர்வர்ல. ஃபைல் சர்வர் எங்க இருக்கு, நீங்களே சொல்லிடுவீங்க. பழைய பாஸ்வேர்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து மூணாவது வேலை செஞ்சுது, இல்லேன்னா விடிஞ்சிருக்கும்.

பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வச்சுப் பூட்டுன வேலைதான் அது. அன்னைலேர்ந்து ரேக் கதவு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டிடுவேன்: ஹோஸ்ட் ஐபி, கேட்வே, எந்த விஎம் எந்த ஹோஸ்ட்ல, எது மொதல்ல ஏந்திரிக்கணும் (லாகின பாத்துக்குற டொமைன் கன்ட்ரோலர், அப்பறம் டேட்டாபேஸ், அப்பறம் மத்ததெல்லாம்). பாஸ்வேர்டு மட்டும் ஒட்டுன கவர்ல அக்கவுண்ட்ஸ் பீரோவுல. ஹோஸ்டோட டைமையும் பாருங்க, ஹோஸ்ட் தன் விஎம்கிட்ட டைம் கேக்குது, அந்த விஎம் ஹோஸ்ட்கிட்ட கேக்குதுன்னு சுத்திக்கிட்டு இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா டொமைன் லாகின் அடி வாங்கும்.

சார், மூணு மாசம் முன்னாடி டேலி சர்வருக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தேன், அப்டியே வச்சிருக்கேன். பேக்கப்புக்கு அது போதும்தானே? (மதுரை வாசகர்)

போதாதுங்க, உபத்திரவமும்கூட. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய டிஸ்க் ஃபைல் அப்டியே நின்னுடும், புதுசா எழுதுறதெல்லாம் பக்கத்துல இன்னொரு ஃபைலுக்குப் போகும். ரெண்டும் ஒரே டேட்டாஸ்டோர்ல இருக்கு, டிஸ்க் போனா ரெண்டும் சேந்து போகும். அந்த ரெண்டாவது ஃபைல் வளந்துட்டே போயி எடத்த அடைச்சா விஎம்மே நின்னுடும். 72 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு விஎம்வேர்காரங்களே சொல்றாங்க, நீங்க மூணு மாசம் வச்சிருக்கீங்க!

இப்ப அவசரப்பட்டு டெலீட் அமுக்கிடாதீங்க. வெளிய ஒரு ஒழுங்கான பேக்கப் எடுத்துட்டு, டேட்டாஸ்டோர்ல எடம் இருக்கான்னு பாத்துட்டு, சனிக்கெழமை ராத்திரி டெலீட் போடுங்க. 99 பர்சென்ட்ல வந்து மணிக்கணக்கா நிக்கும், வயித்தக் கலக்கும், அப்பயும் கேன்சல் பண்ணக் கூடாது, ரீஸ்டார்ட் பண்ணவே கூடாது.

2023ல ப்ராட்காம் விஎம்வேர வாங்குனதுலேர்ந்து எங்க மொதலாளி ப்ராக்ஸ்மாக்ஸ்க்குப் (விஎம் ஓட்டுற இன்னொரு சாஃப்ட்வேர்) போலாமான்னு கேட்டுட்டே இருக்கார். எங்ககிட்ட பன்னண்டு விஎம், ரெண்டு ஹோஸ்ட். (அம்பத்தூர் வாசகர்)

உங்க அளவுக்குப் போலாம், உங்கள்ல ஒருத்தருக்காவது லினக்ஸ் கை பழகியிருந்தா. அந்த வருஷக் கடைசிலயே ஒருதடவ காசு குடுத்து வாங்குற லைசன்ஸ நிறுத்தி சந்தாவா மாத்திட்டாங்க, ஒரு சிபியுக்குக் கொறஞ்சது 16 கோர் கணக்கு வேற, சின்ன கம்பெனிக்கு உறுத்தத்தான் செய்யும். ப்ராக்ஸ்மாக்ஸ் ஆஸ்திரியாக்காரங்களோடது, டெபியன்ங்குற லினக்ஸ் மேல, விஎம் ஓட்டுற கேவிஎம்ம வச்சு செஞ்சது, 2024லேர்ந்து இஎஸ்எக்ஸ்ஐலேர்ந்து நேரா இழுத்துக்க ஒரு இம்போர்ட் வசதியும் குடுத்திருக்காங்க.

இழுக்குறது ஈஸி, அதுக்கப்பறம்தான் கூத்து. விண்டோஸ் விஎம்ம நேரா விர்ட்டைஓ (விஎம்முக்குன்னே செஞ்ச வகை) டிஸ்க்ல ஏத்துனா டிரைவர் இல்லாம நீல ஸ்கிரீன்ல போயி நிக்கும். மொதல்ல சாட்டா டிஸ்க்கா பூட் பண்ணி, ஒரு ஜிபில சும்மா ஒரு விர்ட்டைஓ டிஸ்க் சேத்து டிரைவர போட்டுட்டு, அப்பறம் மெயின் டிஸ்க்க மாத்துங்க. லினக்ஸ் விஎம்ல நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பேரே மாறிடும், போட்டு வச்ச ஐபி அனாதையா நிக்கும், கன்சோல் வழியா உள்ள போயி திருத்தணும்.

அப்பறம் ரெண்டே ஹோஸ்ட்ட சேத்து கிளஸ்டரா கட்டுனா, ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒண்ணு விழுந்ததும் இன்னொண்ணு மெஜாரிட்டி இல்லாம நிக்கும். ஓடுற விஎம் ஓடும், ஆனா புதுசா ஒண்ண ஸ்டார்ட் பண்ண விடாது. மூணாவது ஓட்டுக்கு ஒரு பழைய பிசிய க்யூடிவைஸா வச்சுக்கோங்க, தயவுசெஞ்சு அத அந்த ரெண்டு ஹோஸ்ட்ல ஒண்ணுக்குள்ளயே விஎம்மா போட்டுடாதீங்க. திரும்பவும் பீரோ சாவிதான் அது.

விஎம் ஸ்லோன்னு சொன்னாலே மேனேஜர் எட்டு விசிபியு (விஎம்முக்குக் குடுக்குற சிபியு) குடுன்னு சொல்றார், குடுக்கலாமா? (கோவை வாசகர்)

எட்டு கோர் இருக்குற ஹோஸ்ட்ல அஞ்சாறு விஎம்முக்கு ஆளுக்கு எட்டு குடுத்தா எல்லாம் வரிசைல நின்னு ஒண்ணுக்கொண்ணு காத்துக்கெடக்கும். விஎம் சிபியுக்காக எவ்ளோ நேரம் காத்துக்கெடக்குன்னு சொல்ற சிபியு ரெடின்னு ஒரு கணக்கு இருக்கு, அது ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறியிருந்தா விசிபியுவ கொறைங்க. மேனேஜர்கிட்ட மட்டும் கொறைச்சத சொல்லாதீங்க, ட்யூன் பண்ணிருக்கேன்னு சொல்லுங்க.