பட்டன்ல என்ன எழுதணும்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க தோட்டத்து ஆபீஸுக்கு டச் ஸ்கிரீன் வச்ச பெரிய கொப்பி மெஷின் ஒண்ணு வந்திருக்கு. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பைல், பழைய செக்ரோல் (தொழிலாளர் வேலை நாள், சம்பளம் பதியிற புத்தகம்) எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைக்க சொல்றாங்க. ஆளாளுக்கு ஒரு மாதிரி பண்றோம், எல்லாம் ஒரே போல்டர்ல விழுந்து கெடக்கு, எதையும் தேடி எடுக்க முடியல. ஸ்கிரீன்ல வேண்டிய பட்டன் வச்சு தரலாம், என்ன வேணும்னு எழுதி தாங்கன்னு மெக்கானிக் சொல்லிட்டு போயிட்டாரு. என்னா எழுதி குடுக்கிறது? (பொகவந்தலாவை வாசகி)

பதில்: தங்கச்சி, மெஷின்ல என்னென்ன வசதி இருக்குன்னு பார்த்து எழுத தொடங்காதீங்க, அப்பிடி எழுதினா ஸ்கிரீன் நெறைய பட்டன் வரும், ஒருத்தரும் தொட மாட்டாங்க. நாளைக்கு அந்த தாளை யாரு வந்து கேப்பாங்க, எத சொல்லி கேப்பாங்க, அங்கேருந்து தொடங்குங்க. ஓய்வு எடுத்த ஒரு அம்மா சேமலாப காசு எடுக்க வாறாங்கன்னு வைங்க. நம்ம ஆளுங்க பேரு பிறப்பு சான்றுல ஒரு மாதிரி, அடையாள அட்டையில ஒரு மாதிரி, ஈபிஎப்ல இன்னொரு மாதிரி இருக்கிறது ஒங்களுக்கே தெரியும், அதனால பேர வச்சு பைல் போட்டா அதே தலைவலி கொம்பியூட்டருக்குள்ளயும் வந்துரும். ஈபிஎப் நம்பர்தான் பைல் பேரு, அது மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. அடையாள அட்டை நம்பர்ல போடலாமேன்னு யாராச்சும் சொல்லுவாங்க, ஆனா பழசு 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதுசு 12 இலக்கம், ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர்ல பைல் உண்டாகிரும்.

பட்டன் மூணு போதும்: 'ஈபிஎப் பைல்', 'செக்ரோல்', 'மத்த கடிதம்'. 'கலர் 300 டிபிஐ பிடிஎப்'னு பட்டனுக்கு பேர் வைக்க விடாதீங்க, டிபிஐன்னா ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளின்னு சொல்ற தெளிவு அளவு, அதெல்லாம் பட்டனுக்கு பின்னால முன்கூட்டியே செட் பண்ணி வச்சிருக்கணும். ஈபிஎப் பட்டன அமுக்கினா நம்பர் மட்டும் கேக்கணும், அதுவும் இலக்கம் மட்டும் உள்ள கீபோட் வரணும், எழுத்து அடிச்சா ஏத்துக்கவே கூடாது. அடுத்து பி கார்டா (ஈபிஎப் உறுப்பினர் அட்டை), பிறப்பு சான்றா, கடிதமான்னு ஒரு பட்டியல், அதுல ஒண்ண தொடணும், டைப் பண்ற வேலையே இருக்கக் கூடாது. தேதிய மெஷினே போட்டுக்கும்.

ஈபிஎப் தாளுக்கு 300 டிபிஐ கலர் வைங்க, சீல் வச்ச மை தெரியணும்ல. செக்ரோல் புத்தகத்த மேல் டிரேயில போட முடியாது, கண்ணாடியில வச்சுத்தான் எடுக்கணும், அதுக்கு கிரே போதும், ஆனா ஒவ்வொரு பக்கமா எடுத்து கடைசியில ஒரே பைலா சேர்க்கிற மாதிரி செட் பண்ண சொல்லுங்க, இல்லாட்டி பக்கத்துக்கு ஒரு பைலா குவிஞ்சிரும். அனுப்புறதுக்கு முன்னால எத்தனை பக்கம்னு ஸ்கிரீன்ல காட்டணும், இது நம்ம பக்கம் ரொம்ப முக்கியம், ஏன்னா மழை காலத்துல பனி மூட்டத்துல தாள் நமத்துப் போயி ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஒண்ணா உள்ள போயிரும், கையில எண்ணின கணக்கும் ஸ்கிரீன் கணக்கும் ஒத்து வந்தாத்தான் அனுப்பணும். பைல் போய் சேர்ற கொம்பியூட்டர் நின்னு போயிருந்தா மெஷின் பேசாம இருக்கக் கூடாது, 'போகல'ன்னு ஸ்கிரீன்ல வரணும், இதையும் மறக்காம எழுதி குடுங்க.

கேள்வி: பைல் ரொம்ப பெருசா வருது, ஆக சின்ன சைஸ்ல செட் பண்ணா ஏதும் நட்டமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐ கலர்ல சுருக்காம இருந்தா 26 எம்பி கிட்ட வரும், அதனால சுருக்கத்தான் வேணும், ஆனா எப்பிடி சுருக்குதுன்னு பாருங்க. 2013ல டேவிட் கிரீசல்னு ஒரு ஜெர்மன்காரர் ஒரு விஷயத்த கண்டுபுடிச்சு சொன்னாரு, ஜெராக்ஸ் கம்பெனியோட சில மெஷின்ல ஸ்கேன் பண்ண தாள்ல 6 இருந்த எடத்துல 8 வந்திருந்துச்சு. மங்கலா இல்ல, நல்லா தெளிவா, தப்பான நம்பர். ஒரே மாதிரி தெரியிற எழுத்துகளுக்கு ஒரே படத்த திருப்பித் திருப்பி போட்டு எடத்த மிச்சம் புடிக்கிற முறையால வந்த வினை அது. அந்த கம்பெனி பிறகு அத திருத்தி மென்பொருள் விட்டுச்சு. மங்கலா இருந்தாலாச்சும் நமக்கு சந்தேகம் வரும், தெளிவா இருக்கிற தப்பு நம்பர யாரு பார்ப்பா? சம்பளக் கணக்கு, நம்பர் உள்ள தாளெல்லாம் போட்டோவுக்கு பாவிக்கிற சாதாரண ஜேபெக் சுருக்கத்துலயே விடுங்க.

கேள்வி: முந்தி மெஷின்லேருந்து நேரா ஜிமெயிலுக்கு ஸ்கேன் போச்சு, இப்ப பாஸ்வேர்ட் பிழைன்னு வருது. பாஸ்வேர்ட் சரிதானே? (பண்டாரவளை வாசகர்)

பதில்: சரியா இருந்தாலும் வேலை செய்யாது. வெறும் பாஸ்வேர்ட வச்சு மெஷின் உள்ள போறத 2022 மே மாசத்தோட கூகுள் நிப்பாட்ட ஆரம்பிச்சிருச்சு. கணக்குல ரெண்டு கட்ட சரிபார்ப்ப போட்டுட்டு ஆப் பாஸ்வேர்ட் (இந்த மாதிரி மெஷினுக்குன்னு கூகுள் தர்ற தனி பாஸ்வேர்ட்) ஒண்ணு எடுங்க, 16 எழுத்து வரும், அதை இடைவெளி இல்லாம மெஷின்ல அடிங்க. 25 எம்பிக்கு மேல போனா எப்பிடியும் மெயில் போகாது, பெரிய பைல போல்டருக்கே அனுப்பிருங்க.