ஐந்து கதவு மாருதி ஜிம்னியில் 235/75 ஆர்15 டயர் போட்டால் உரசுமா? 2 அங்குல லிஃப்ட் (உயரமான ஸ்பிரிங் போட்டுப் பாடியைத் தூக்குவது) ஏற்றினால் போதும் என்கிறாரே கடைக்காரர்?

போதாது. அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் பிற்பாடு பணம் போகும்.

நான் ஓட்டுவதும் ஐந்து கதவு ஜிம்னிதான், மேனுவல். லிஃப்ட் இல்லாமல் 215/75 ஆர்15 ஆல் டெர்ரெய்ன் (தார்ச்சாலை, கரடுமுரடு இரண்டுக்கும் பொதுவான) டயர் போட்டிருக்கிறேன். எங்களோடு மலைக்கு வரும் நண்பர் ஒருவர் 235 போட்டு லிஃப்டும் ஏற்றியிருக்கிறார். அவர் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்து எங்கெங்கே படுகிறது என்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். இந்த இரண்டு வண்டிகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அளவு. கம்பெனி கொடுக்கும் டயர் 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து, 15 அங்குல ரிம்மையும் கூட்டினால் மொத்த உயரம் 693 மி.மீ. இதே கணக்கில் 215/75 டயர் 703 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். 235/75 கிட்டத்தட்ட 733 மி.மீ. ஆக 215க்குப் போனால் உயரம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடுகிறது, 235க்குப் போனால் நான்கு. பெயரில் இரண்டுமே ஒவ்வொரு படி பெரிதாகத் தெரிந்தாலும், முதல் படி சின்னது, இரண்டாவது படி பெரியது. 215 பெரும்பாலும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்வதும் 235 தகராறு செய்வதும் இதனால்தான்.

இதுவும் பெயரளவுக் கணக்குதான். ஒரே 235/75 என்று அச்சிட்ட இரண்டு டயர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மட் டெர்ரெய்ன் (சேற்றுக்கான) டயரின் தோள்பட்டைக் கட்டைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஆல் டெர்ரெய்னில் அவ்வளவு இருக்காது. உரசுவது அந்தக் கட்டைதான். அதனால் "என் நண்பன் வண்டியில் உரசவில்லை" என்று யாராவது சொன்னால், எந்தப் பிராண்ட், எந்த மாடல், எந்த ரிம் என்று கேட்காமல் நம்ப வேண்டாம்.

சரி, எங்கே உரசும்? மூன்று இடங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. லிஃப்ட் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

முதல் இடம் உள்பக்கம். ஜிம்னியின் முன்பக்கம் ஒற்றை ஆக்ஸில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு. அதைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிடித்திருப்பவை ரேடியஸ் ஆர்ம் எனும் இரண்டு இரும்புக் கைகள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் பின்பாதி உள்ளே வந்து அந்த ஆர்மை நெருங்கும். அகலமான டயர் என்றால் அதில் போய் உட்காரும். இங்கே லிஃப்ட் ஒன்றுமே செய்யாது. ஆர்மும் டயரும் ஒரே ஆக்ஸிலோடு போகிறவை, பாடியை எவ்வளவு தூக்கினாலும் அவற்றுக்கு இடையில் இருக்கும் இடைவெளி அப்படியேதான் இருக்கும். இதைச் சரிசெய்ய ஒன்று ரிம்மின் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு; குறைந்தால் சக்கரம் வெளியே வரும்) மாற்ற வேண்டும், இல்லையென்றால் நக்கிளில் (ஸ்டியரிங்கோடு சக்கரத்தைத் திருப்பும் பாகத்தில்) இருக்கும் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைச் சற்று நீட்டி, டயர் அவ்வளவு தூரம் ஒடியாமல் தடுக்க வேண்டும். இரண்டாவது வழி மலிவு. ஆனால் ஐந்து கதவு ஜிம்னியின் திருப்பு ஆரம் ஏற்கெனவே 5.7 மீட்டர். கொண்டை ஊசியில் ஒரே வீச்சில் திரும்புகிற வண்டி, இதைச் செய்த பிறகு சில இடங்களில் ரிவர்ஸ் எடுக்க வைக்கும்.

ஆஃப்செட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடைகளில் இதை யாரும் விளக்குவதில்லை. ஜிம்னியின் ஒரிஜினல் ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் +5. நீங்கள் 7 அங்குல அகலத்தில், ஆஃப்செட் 0 உள்ள அலாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது, அது பக்கத்துக்கு 19 மி.மீ. ஆஃப்செட் 5 மி.மீ. வெளியே தள்ளுகிறது. ஆக ரிம்மின் வெளி விளிம்பு 24 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 14 மி.மீ. உள்ளே போகும். உள்ளே உரசுகிறது என்று புது ரிம் வாங்கி, இன்னும் உள்ளே தள்ளிவிட்டோம்! உள்பக்கம் இடம் வேண்டுமென்றால் ஆஃப்செட் மைனஸுக்குப் போக வேண்டும், இல்லை ரிம் அகலத்தைக் குறைக்க வேண்டும். 6 அங்குலத்தில் ஆஃப்செட் மைனஸ் 5 என்றால் உள் விளிம்பும் சுமார் 4 மி.மீ. வெளியே நகர்ந்துவிடும். 235/75 டயருக்கு 6 அங்குலம்தான் குறைந்தபட்ச ரிம் அகலம். ஒரிஜினல் 5.5 அங்குல ரிம்மில் அதை ஏற்றுவதே முறையல்ல, பஞ்சர் கடைத் தம்பி "ஏறிடும்ணே" என்று சொன்னாலும்.

மைனஸுக்கு அளவில்லாமல் போகவும் முடியாது. டயர் வெளியே போகப்போக, ஒடிக்கும்போது அது வரையும் வட்டம் பெரிதாகிறது. வீல் பேரிங்குக்குப் பாரம் கூடும், ஸ்டியரிங் கனமாகும். உள்ளே உரசியது நின்று இரண்டாவது இடத்தில் உரச ஆரம்பிக்கும்.

அந்த இரண்டாவது இடம் வீல் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலே பாடியில் இருக்கும் வளைவின்) முன்னும் பின்னும். முன்னால் பம்பரின் கீழ்மூலை, பின்னால் ஆர்ச்சின் உட்புறத்தை மூடும் பிளாஸ்டிக் லைனரும் மட்ஃப்ளாப்பும். 235 போட்டவர்கள் அதிகமாகப் புலம்புவது இதைப் பற்றித்தான். பாதி ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது "சர்ர்" என்று ஒரு சத்தம் வரும். இங்கே லிஃப்ட் உதவுகிறதா? வண்டி சும்மா நிற்கும்போது ஓரளவு உதவும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரேடியஸ் ஆர்ம் ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கிப் போய்ச் சேசிஸில் மாட்டியிருக்கிறது. ஸ்பிரிங் மாற்றிப் பாடியைத் தூக்கினால் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது, ஆக்ஸில் சற்றே பின்னால் இழுபடுகிறது. முன்பக்கம் கிடைத்த இடம் பின்பக்கம் பறிபோகிறது. நண்பர் வண்டியில் லிஃப்ட் ஏற்றிய பிறகும் பின் லைனரில் தேய்ந்த தடம் இருந்தது இதனால்தான்.

இந்த இடத்துக்கு நேரடியான வைத்தியம் கத்திதான். மட்ஃப்ளாப்பைக் கழற்றுவது அல்லது வளைகிற ரப்பருக்கு மாற்றுவது, லைனரை ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னுக்குத் தள்ளிக் கிளிப் அடிப்பது, பம்பரின் கீழ்மூலையை ஓரிரு சென்டிமீட்டர் சீவுவது. பிளாஸ்டிக் வரைக்கும் கை வைக்கலாம். தகட்டில் கை வைத்தால் அன்றைக்கே பிரைமரும் பெயிண்டும் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் துரு பிடிக்கும்.

மூன்றாவது இடம் மேலே. வண்டி பள்ளத்தில் இறங்கி ஒரு சக்கரம் முழுக்க உள்ளே அமுங்கும்போது டயர் ஆர்ச்சின் கூரையைத் தொடும். லிஃப்ட் இதற்காகத்தானே என்பீர்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஸ்பிரிங் லிஃப்ட் வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான் மாற்றுகிறது. முழுக்க அமுங்கினால் ஆக்ஸில் பழையபடி பம்ப் ஸ்டாப்பில் (அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்) போய் முட்டும் வரை மேலே வரும். அந்தக் கடைசிப் புள்ளியில் டயருக்கும் ஆர்ச்சுக்கும் இடைவெளி லிஃப்டுக்கு முன்பு எவ்வளவோ அவ்வளவுதான், பெரிய டயர் போட்டதால் இப்போது அதைவிடக் குறைவு. டயரின் ஆரம் 20 மி.மீ. கூடியிருக்கிறதே! எனவே லிஃப்டோடு பம்ப் ஸ்டாப்பையும் நீட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் மாட்டி அனுப்பினால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

லிஃப்டுக்குக் கூடவே வரும் செலவுகளும் உண்டு. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடின் நீளம் மாறாமல் இருப்பதால், பாடி உயர்ந்ததும் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகரும். ஒருபுறம் டயர் வெளியே துருத்தும், மறுபுறம் உள்ளே போகும். நீளத்தைத் திருத்தக்கூடிய ராடு போட்டால்தான் நடுவுக்கு வரும். ஒரே ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது என்று வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்தது காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. அது குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். சரிசெய்யத் தனி புஷ் (ஆர்மின் மூட்டில் வரும் ரப்பர் உருளை) இருக்கிறது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் எட்டுகின்றனவா என்று பார்ப்பதும் முக்கியம். இதில் கஞ்சத்தனம் கூடாது.

உரசுகிறதா என்று சோதிக்கும் முறையிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. கடையில் வண்டியை லிஃப்டரில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒடித்துக் காட்டி, "பாத்தீங்களாங்ணா, எங்கயும் படலை" என்பார்கள். தொங்குகிற சக்கரம் எந்த வண்டியிலும் மேலே படாது. ஒழுங்கான சோதனைக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் இரண்டு தோள்களிலும் அழுத்திப் பூசுங்கள். லைனரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, அவை அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை மெதுவாக ஒடியுங்கள். பிறகு பக்கத்தை மாற்றிச் செய்யுங்கள். அப்படியே ஒடித்தபடி முன்னும் பின்னும் உருட்டுங்கள், ரிவர்ஸில் புஷ்கள் நெகிழ்ந்து ஆக்ஸில் கொஞ்சம் நகரும். பின்சீட்டில் ஆள் ஏறிய பிறகு ஒருமுறை. முடிந்ததும் டார்ச்சோடு படுத்தால் வெள்ளைத் தடம் எங்கே என்று தெரிந்துவிடும்.

தடம் பிளாஸ்டிக் லைனரில், அதுவும் மிகக் கடைசி ஒடிப்பில் மட்டும் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். தகட்டு விளிம்பில், ஹோஸில், ஒயரில், அல்லது டயரின் பக்கச்சுவரில் இருந்தால் அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது.

இனி, 235 தேவையா என்ற கேள்வி. அதற்குச் சாதகமான ஒரு நியாயம் உண்டு. ஒற்றை ஆக்ஸில் வண்டியில் டிஃப்ரன்ஷியல் உருண்டைக்கு (ஆக்ஸிலில் கீழே புடைத்துத் தெரியும் கியர் பெட்டிக்கு) கீழே இடைவெளி கூட வேண்டுமென்றால் டயர் பெரிதானால்தான் உண்டு, லிஃப்ட் அதைத் தூக்காது. 235 போட்டால் அங்கே 20 மி.மீ. கிடைக்கும், 215 போட்டால் 5 மி.மீ.தான். பாறை ஏறுபவருக்கு 20 மி.மீ. பெரிய விஷயம்.

ஆனால் விலையும் இருக்கிறது. சுற்றளவு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுவதால் கியர் எல்லாம் அந்த அளவுக்கு நீண்டுவிடுகின்றன. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு அது சும்மா இல்லை. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளில் ஏறிப் பார்த்தால் புரியும். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட 6 சதவீதம் குறைத்துக் காட்டும். லிஃப்ட் போட்டால் வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலேறும், ஜிம்னி ஏற்கெனவே ஒல்லியான உயரமான வண்டி.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் டயரைக் கவனித்திருந்தால் தெரியும், அகலமே இருக்காது. அந்தக் கற்பாதையில் அவை ஏறுவது ஓட்டுநரின் கைப்பழக்கத்தால். நமக்கும் கட்டாந்தரையிலும் கல்லிலும் காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவதால் கிடைக்கும் பிடிப்பு, டயர் அளவை ஒரு படி ஏற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றேற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லிஃப்ட், துருத்தும் டயர் எல்லாம் சாலைச் சோதனையிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வியாக வரலாம். தெரிந்தே இறங்குங்கள்.

என் யோசனை: வாரநாள் ஆபீஸ், மாதம் ஒருமுறை மலை என்றால் ஒரிஜினல் ரிம்மிலேயே 215/75 ஆல் டெர்ரெய்ன். அதையும் நான்கையும் ஒன்றாக வாங்காமல், கடையில் ஒன்றை மட்டும் முன்சக்கரத்தில் மாட்டிச் சாக்பீஸ் சோதனை செய்துவிட்டு மற்றதை வாங்குங்கள். 235 வேண்டும் என்று மனம் ஒப்பிவிட்டால் லிஃப்ட், பம்ப் ஸ்டாப், பேன்ஹார்ட் ராடு, காஸ்டர் புஷ், 6 அங்குல ரிம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போட்டு மொத்த விலை கேளுங்கள். கடைக்காரர் லிஃப்டுக்கு மட்டும் விலை சொன்னால் வேறு கடை பாருங்கள். எந்த அளவு போட்டாலும் ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். நான்கு சக்கர ஓட்டத்தில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால், முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். 235 ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும்போது கீல்கள் சத்தம் போட ஆரம்பித்தால், அங்கே இருக்கும் போல்ட்டுகளை அவ்வப்போது இறுக்கிவிடுங்கள்.