மகள் கிரிமினல் லாயர் ஆகப்போகிறாளா? பயப்படும் அப்பாவுக்கு

ஐயா, உங்கள் மகள் அமெரிக்காவில் சட்டம் படிப்பதில் உங்களுக்கு வருத்தமில்லை, கிரிமினல் பக்கம் போகிறேன் என்கிறாளே, அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. "குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கியா பிழைக்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் குற்றவாளியா என்பதே தீர்ப்பு வந்த பிறகுதானே தெரியும்! கடுமையான குற்றச்சாட்டில் சிக்கியவருக்கு வசதி இல்லையென்றால் அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1963-இல், கிடியன் வழக்கில், அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, வழியைப் பார்ப்போம். ஏதாவது ஒரு பட்டம், எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, மூன்று வருட ஜே.டி. என்ற சட்டப் பட்டம், அப்புறம் தொழில் செய்யப்போகும் மாநிலத்தில் வக்கீலாக உரிமம் பெற எழுதும் பார் தேர்வு. இதெல்லாம் அவளுக்கே தெரிந்திருக்கும். யோசிக்க வேண்டியது முதல் வேலையைப் பற்றித்தான்.

என்னைக் கேட்டால், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அரசுத் தரப்பு தலைமை வக்கீல்) அலுவலகத்தில் உதவி பிராசிக்யூட்டராக, அதாவது குற்றம் சாட்டி வழக்கு நடத்தும் அரசு வக்கீலாகத் தொடங்குவது நல்லது. பெரிய தனியார் நிறுவனத்தில் சேர்ந்தால் பல வருடம் காகிதத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், இங்கேயோ குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, சின்னத் திருட்டு என்று ஆரம்பத்திலேயே நீதிபதி முன்னால் நிற்க வைத்துவிடுவார்கள். கொலை வழக்கில் சிக்கிய கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனுக்காக வாதாடிய ஜானி காக்ரன்கூட லாஸ் ஏஞ்சலிஸில் அரசுத் தரப்பில் வேலை பார்த்தவர்தான்.

அங்கே கற்பது வாய்ச்சாமர்த்தியம் இல்லை, வழக்கின் காகிதக் கட்டைக் கவனமாகப் படிப்பது. போலீஸ் அறிக்கையில் 'அனுமதி வாங்கித்தான் காரைச் சோதித்தோம்' என்றிருக்கும், சட்டையில் மாட்டிய கேமராப் பதிவிலோ டிக்கியைத் திறந்த பிறகுதான் அனுமதி கேட்கும் குரல் வரும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் கையில் இருந்தால் பிராசிக்யூட்டர் அதை ஒளிக்கக் கூடாது, கொடுத்தே ஆகவேண்டும் (பிரேடி வழக்கு, அதுவும் 1963). அறிக்கை எப்படித் தயாராகிறது, வழக்கு எங்கே பலவீனமாக இருக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவளுக்குப் பிற்பாடு எதிர்ப்பக்கம் நிற்கும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். இன்னொன்று, 2012-இல் உச்ச நீதிமன்றமே சொன்ன கணக்குப்படி மத்திய நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை, ஆக சினிமாவில் பார்க்கும் ஜூரி விசாரணை அபூர்வம், தினசரி வேலை குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றி இரு தரப்பும் பேசும் பேரம்தான்.

ஆனால் அரசுத் தரப்பு வேலையை வெறும் ஏணியாக மட்டும் நினைத்துப் போனால் நேர்காணலிலேயே தெரிந்துவிடும். யார் மேல் என்ன குற்றம் சாட்டுவது என்ற அதிகாரம் கையில் வரும், அது அவளுக்கு ஒத்துவராது என்றால் நேரே பப்ளிக் டிஃபெண்டர் (வசதி இல்லாதவருக்காக அரசுச் செலவில் வாதாடும் வக்கீல்) அலுவலகத்துக்கே போகட்டும், அங்கேயும் கோர்ட் அனுபவத்துக்குக் குறைவில்லை. அரசுத் தரப்பில் தான் நடத்திய வழக்கையே பிறகு எதிர்ப்பக்கம் போய் எடுக்க முடியாது என்பதையும் சொல்லி வையுங்கள். மத்திய அரசு பிராசிக்யூட்டர் வேலைக்குக் குடியுரிமை கேட்பார்கள், கிரீன் கார்டு மட்டும் இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

பண விஷயம்: இரண்டு அலுவலகங்களிலும் ஆரம்பச் சம்பளம் பெரிய நிறுவனங்களுக்குப் பக்கத்தில்கூட வராது. பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில், இப்படிப்பட்ட வேலையில் முழுநேரம் இருந்தபடி, திட்டம் ஏற்கும் முறையில் 120 மாதத் தவணை ஒழுங்காகக் கட்டினால் மிச்சக் கடன் ரத்தாகும், ஆனால் அதற்கு மத்திய அரசின் கடனாக இருக்க வேண்டும், தனியார் வங்கிக் கடனுக்கு இது கிடையாது. அதனால் கல்லூரி அனுப்பும் கடன் தாளில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அதுவரை அவளை ஒரு நாள் காலையில் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.